முப்பத்தோராம் நாளும் சக்கரச் சப்பாத்தும்

இத்தாலியின் வெயில் நகரமான பலெர்மோவில் பனிச்சறுக்கு என்றால் யாரும் சிரிப்பார்கள். பனிக்கட்டியை நாங்கள் மீன்கடையில்தான் கண்டோம். நாங்கள் இருந்த ஒரேத்தோப் பகுதியில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னாலிருந்த சீமெந்து முற்றத்தில் பிள்ளைகள் சறுக்கியது சக்கரச் சப்பாத்தில். ஆனால் இசைக்கு ஏற்றபடி சுழல்வதும் ஒற்றைக்காலில் வளைந்து போவதும் பனியில் ஆடுவது போலத்தான் இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் அந்தக் கழகத்தை ஆரம்பித்தபோது ஆறு பெண்பிள்ளைகள், மூன்று சோடிச் சப்பாத்து. ஒருத்தி சுற்றி முடிக்கும்வரை இன்னொருத்தி காலுறையோடு காத்திருப்பாள். அந்த ஆறு பேரில் ஒருத்தி என் மகள்.

நான் சின்யோரா என்று கூப்பிட்ட ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் வாரம் ஆறு நாளும் கூட்டித் துடைத்தவள். ஏழாம் நாளும் என்னை விளக்குமாறு தூக்க வைத்தது இந்தக் கழகம். சக்கரத்தில் ஒரு சிறுகல் அகப்பட்டால் போதும், பிள்ளை முகங்குப்புற விழும். அதனால் ஒரு தாயும் மகளும் முறைவைத்து முற்றத்தைக் கூட்ட வேண்டும் என்பது ஆசிரியையின் சட்டம். சிரொக்கோ காற்று அடித்த நாளில் முற்றம் முழுக்கச் செந்தூசி படிந்து கிடக்கும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில், முணுமுணுத்துக்கொண்டேதான் கூட்டுவேன். ஆனால் என் மகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

நான்காம் ஆண்டில் கழகத்தில் முப்பது பிள்ளைகள். ஜூன் மாத ஆண்டு நிகழ்ச்சியில் தனியாக ஆட ஆசிரியை என் மகளைத் தெரிவுசெய்தார். அவளுக்குப் பத்து வயது. என் நீலச் சேலையின் சரிகைக் கரையை வெட்டிச் சட்டை தைத்தேன்.

மே மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் என் அப்பா போய்விட்டார். சண்டையால் அங்கே தொலைபேசி இல்லை. யாரோ பயணி கொண்டுவந்த செய்தி. இணைப்பு அறுபடமுன் எனக்குக் கேட்டது அவ்வளவுதான். அழுது முடித்ததும் நாட்காட்டியை எடுத்து, இறந்த திகதி தெரியாததால் அன்றிலிருந்தே எண்ணினேன். நிகழ்ச்சி இருபத்திரண்டாம் நாளில் வந்தது. எங்கள் ஆட்களிடம் முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை ஆட்டம் பாட்டம் கிடையாது.

“பெர்கே? ஏன் அம்மா? நான் அம்மப்பாவைக் கண்டதே இல்லை,” என்றாள் மகள்.

“நீ காணாட்டி என்ன, அவர் என்ரை அப்பா. முப்பத்தொண்டு முடியாமல் பிள்ளையை ஆட விட்டவள் எண்டு சனம் கதைக்கும்.”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊர் வாய் பலெர்மோவுக்கும் கூடவே வந்து கோயில் வாசலில் நின்றது. ஆசிரியை வீட்டுக்கு வந்து கெஞ்சினார். அவருக்குக் கோப்பி கொடுத்தேன், சம்மதம் கொடுக்கவில்லை.

நிகழ்ச்சி நாளில் கூட்டும் முறை எங்களுடையது. அதை யாருக்காவது மாற்றிவிட எனக்குத் தோன்றவில்லை. முறை என்றால் முறைதானே என்று நினைத்தேன். பின்னேரம் கறுப்புச் சட்டையோடு வந்த என் மகள், விளக்குமாறு எட்டாத மூலைகளில் முழங்காலில் இருந்து கல் பொறுக்கினாள்.

“காணும், வா,” என்றேன்.

“இன்னும் இருக்கு அம்மா. ஆராவது விழுந்திடுவினம்.”

மற்றப் பிள்ளைகள் வரமுன் வீடு திரும்பினோம்.

ஜூலையில் தம்பியின் கடிதம் பல கை மாறி வந்து சேர்ந்தது. அப்பா இறந்த திகதி அதில் இருந்தது. எனக்குச் செய்தி வந்தபோதே அவர் போய்ப் பதினெட்டு நாள். நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் முந்தியே ஊரில் முப்பத்தோராம் நாள் பூசை ஒப்புக்கொடுத்து, வந்தவர்களுக்குச் சோறும் போட்டு முடித்திருந்தார்கள். என் பிள்ளை கல் பொறுக்கிய அன்று அவள் ஆடியிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது.

அடுத்த வருடம் ஆடுவாள் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். செப்டம்பரில் கட்டடம் கட்ட முற்றத்தைத் தோண்டினார்கள். ஆசிரியைக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. கழகம் அதோடு சரி.

கடிதம் வந்த அன்று, “என்ன எழுதியிருக்கு?” என்று மகள் கேட்டாள். “எல்லாரும் சுகமாம்,” என்றேன். அதற்கு மேல் இன்றுவரை சொல்லவில்லை. வெட்கம்தான், பயமும்தான். அவள் நன்றாகத் தமிழ் பேசுவாள், ஆனால் வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.