சுவருக்குள் கசிவு

மலேசியாவின் கிள்ளானில் ஏர்கோன் பழுதுபார்க்கும் முகுந்தன், தான் வேலை செய்த கம்பெனியை விட்டு வெளியே வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். ஏர்கோனில் குளிர் தரும் கேஸ் எங்கே கசிகிறது என்று தேடக்கூடாது, நிரப்பிவிட்டு வந்துவிட வேண்டும் என்பது அங்கே முதலாளி போட்ட சட்டம். தேடிச் சரிசெய்துவிட்டால் அந்த வீட்டிலிருந்து மறுபடி கூப்பிட மாட்டார்களே.

தனியாகத் தொழில் தொடங்கியதும் முகுந்தன் தேடினான். வருடா வருடம் கேஸ் நிரப்பிக்கொண்டிருந்த மகதலேனா ஆன்டி வீட்டில் குழாய்க்குள் நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, அரை நாள் பார்த்தான். வெளியே எங்கும் குமிழி வரவில்லை. அழுத்தம் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

“ஆன்டி, லீக்கு சுவத்துக்குள்ள போற பைப்புலதான் இருக்கு. சுவத்த உடைச்சாதான் சரி பண்ண முடியும்.”

“இப்பதான்பா பெயிண்ட் அடிச்சோம். முன்ன வந்தவங்க கேஸ் போட்டுட்டுப் போயிடுவாங்க, நீ என்ன சுவத்த உடைக்கச் சொல்ற?”

போன வீட்டிலெல்லாம் ஏறக்குறைய இதே பேச்சுதான். வேண்டாத வேலை வைக்கிறவன் என்று பெயர் பரவியது. கடைசியில் பழைய முதலாளியிடமே போய் நின்றான். அவர் திட்டவில்லை. சிரித்தபடி கம்பெனிச் சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

மகதலேனா வீட்டிலிருந்து அழைப்பு வந்தபோது அவனையே அனுப்பினார். முகுந்தன் மீட்டரை மாட்டிக் கேஸை நிரப்பினான். அறை குளிர்ந்தது.

“பாத்தியா, அவ்ளோதான்லா வேலை. அடுத்த வருசமும் நீயே வா.”

“சரி ஆன்டி,” என்றான். வாசலில் சப்பாத்தைக் காலில் மாட்டும்போது, தன் குரலில் கோபம்கூட இல்லாதது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.