பிழை கையில் இல்லை

அவர் கவுண்டரின் கண்ணாடி மேல் விரித்து வைத்த, சுடுகுறி வட்டங்கள் அச்சடித்த தாளில் மூன்று ஓட்டைகள் இருந்தன. ஒன்று நடுவட்டத்துக்கு மேலே. இன்னொன்று இடப்பக்கம் நன்றாக விலகி. மூன்றாவது தாளின் கீழ் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்த தாள் அது. மடிப்புகளை இரண்டு கைகளாலும் மெதுவாக நீவிவிட்டார். நகங்கள் ஒட்ட வெட்டிய, மிகச் சுத்தமான கைகள். எங்கள் கடைக்கு வருகிறவர்களின் கைகள் அப்படி இருப்பதில்லை. அதன் பிறகுதான் நிமிர்ந்து என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார். "தமிழா நீங்க?" என்றார். அந்த வேட்டைச் சாமான் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் தமிழில் கதைத்த முதல் ஆள் அவர்தான்.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுப்பகுதி அது. நானும் கணவரும் சின்ன மகளும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நகரத்தின் ஓரத்திலிருக்கும் ரானுயியில் வாடகைக்கு இருந்தோம். காலையில் ரயிலேறி, நியூமார்க்கெட்டில் மாறி, ஒனிஹங்காவில் இறங்கி நடந்தால் கடை. யாழ்ப்பாணத்தில் படித்த கணக்கியலுக்கு இங்கே ஒருவரும் பதில் போடவில்லை. இந்தக் கடை முதலாளி மட்டும் போட்டார். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "துவக்குக் கடையிலயோ? உலகத்தில வேற வேலையே கிடைக்கேல்லையோ உனக்கு?" என்று கேட்டா. அம்மாவுக்கு நான் என்ன சொல்வது? வெடிச் சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்து வளர்ந்த பிள்ளை நான். ஆனால் எங்கள் மூன்று பேரின் விசாவும் அந்தக் கடையின் பெயரோடு ஒட்டியிருந்தது. என் வேலை துவக்கைத் தொடுவதல்ல என்று சொல்லி அம்மாவைச் சமாளித்தேன். அது உண்மைதான். திரும்பி வருகிற சாமான்களைப் பதிவதும் முறைப்பாடுகளுக்குப் பதில் சொல்வதுமே என் வேலை.

அந்த வருடம் ஒரு வெளிநாட்டுத் தொழிற்சாலையிலிருந்து புதுவகை ரைபிள்கள் வந்து இறங்கியிருந்தன. பார்க்க அழகானவை, விலையும் அதிகமில்லை. நூறு மீற்றர் தூரத்தில் மூன்று முறை சுட்டால் மூன்று குண்டும் ஓரங்குலத்துக்குள் விழும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். விற்ற சில வாரங்களில் ஒருவர் திரும்ப வந்தார். ஓரங்குலம் அல்ல, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விலகுகிறது என்றார். பிறகு இன்னொருவர். மூன்றாவது ஆள் வந்தபோது முதலாளியிடம் சொன்னேன். அவர் இறக்குமதிக்காரரோடு பேசிவிட்டு வந்து, என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பாடம் சொல்லித்தந்தார்: குறிபார்க்கும் ஸ்கோப்பின் திருகாணிகளைச் சரிபாருங்கள், வேறு வகைத் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் பயிற்சி எடுங்கள், இதுவரை வேறு ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அந்தக் கடைசி வசனம் என் வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது. காலை வணக்கம் சொல்வதைப்போலத்தான் அதையும் சொன்னேன்.

அவர் தாளை விரித்த அன்று அதைத் தமிழில் சொல்ல வேண்டி வந்தது. அவர் மலேசியத் தமிழர், இடையிடையே வசனத்தின் முடிவில் அந்த ஊர் 'லா' ஒன்று வந்துவிழும்; நகரத்தின் தென்பக்கம் மனுகாவில் பல் வைத்தியர். ஒரு நோயாளிதான் அவரை முதன்முதலில் மலைக்குக் கூட்டிப்போனாராம். இந்த நாட்டில் கிடைத்த முதல் நண்பர்களே வேட்டைக்காரர்கள்தான் என்றார். மான் இறைச்சியில் அவர் மனைவி சமைக்கும் ரெண்டாங் கறியைப் பற்றி, நான் கேட்காமலே ஐந்து நிமிடம் சொன்னார். பிறகு தாளைக் காட்டி, "இது ரைபிள் கோளாறா, என் கோளாறா? நீங்க சொல்லுங்க" என்றார். நான் பாடத்தை ஒப்புவித்தேன். கடைசியில், "வேற ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லை, டொக்டர்" என்றேன். சொல்லும்போதே என் காது அதைக் கேட்டுக் கூசியது. அதுவரை ஆங்கிலத்தில் ஒரு வசனமாக மட்டும் இருந்தது, தமிழில் சொன்னவுடன் பொய்யாகிவிட்டது. அவர் தலையை ஆட்டினார். "ஆமா, அப்போ நம்ம கைதான் சரியில்ல போல" என்று சிரித்தபடி தாளை மடித்துக்கொண்டு போனார். தமிழ்ப் பிள்ளை சொல்கிறாள் என்று நம்பிவிட்டார்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரைபிளை அதன் பையில் போட்டுக்கொண்டு திரும்ப வந்தார். ஆள் மெலிந்திருந்தார். ரைபிளை யாருக்காவது விற்றுத்தர முடியுமா என்று கேட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். ஒவ்வொரு ஞாயிறும் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய்ப் பயிற்சி எடுத்திருக்கிறார். மூக்குக்கண்ணாடியை மாற்றியிருக்கிறார். தோட்டா வகையை மாற்றியிருக்கிறார். நண்பர்களோடு தெற்கே மலைக்குப் போனபோது, ஒரு பெண் மான் அசையாமல் பக்கவாட்டில் நின்றிருக்கிறது. நன்றாகக் குறிபார்த்துத்தான் சுட்டாராம். குண்டு பின்னங்காலில் பட்டு, மான் காலை இழுத்துக்கொண்டு பற்றைக்குள் போய்விட்டது. அன்று முழுவதும் தேடி, மறுநாளும் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. "எங்கயோ கிடந்து துடிச்சுச் செத்திருக்கும்" என்றார். பிறகு வலது கையைக் கண்ணாடி மேல் விரித்து வைத்து, அது இன்னொருவருடைய கை என்பதுபோலப் பார்த்தார்.

"நடுங்குற மாதிரி தெரியுதா உங்களுக்கு?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். மனைவிக்கும் தெரியவில்லையாம். நரம்பு வைத்தியரிடமும் காட்டியிருக்கிறார், அவரும் ஒன்றுமில்லை என்றிருக்கிறார். ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஞானப்பல் வெட்டி எடுப்பது போன்ற வேலைகளை ஒரு மாதமாக வேறு வைத்தியர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஊசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த மான் ஞாபகம் வருகிறது என்றார். இருபத்தைந்து வருடம் மற்றவர்களின் வாய்க்குள் வேலை செய்த கை அது. இனி போதும் என்று நிறுத்திவிடலாமா என்று மனைவியோடு பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். என்மேல் ஒரு குறையும் வைக்கவில்லை. வைக்க அவருக்குக் காரணமும் தெரியாது.

பின்னறையின் இரும்பு அலுமாரிக்குள் அதே வகை ரைபிள்கள் ஐந்து, ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் ஒரு சீட்டுத் தொங்க, இறக்குமதிக்காரரின் பதிலுக்குக் காத்துக்கிடந்தன. முதலாளி வெளியே போயிருந்தார். "டொக்டர், உங்கட கையில பிழை இல்லை" என்றேன். "இதே துவக்கு அஞ்சு திரும்பி வந்து உள்ளுக்குக் கிடக்கு. நீங்கள் முதல் வந்த நேரமே மூண்டு பேர் சொல்லிட்டினம். நான் உங்களுக்குப் பொய்தான் சொன்னனான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கையை மெதுவாகக் கவுண்டரிலிருந்து எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டது இதுதான்: "நீங்க இத எங்கிட்ட சொன்னது தெரிஞ்சா உங்க வேலைக்குப் பிரச்சினை வருமா?" என் விசா இந்தக் கடையில்தான் இருக்கிறது என்றேன். "அப்போ நீங்க எதுவும் சொல்லல. நான் எதுவும் கேட்கல" என்றார். "முதல்ல சொன்னதையும் நம்பினேன், இப்ப சொல்றதையும் நம்புறேன். என்ன கோளாறுன்னு நாளைக்கு வந்து நானே பாத்துக்கிறேன் லா."

மறுநாள் தன் கிளினிக்கிலிருந்து, பல் வைத்தியர்கள் தலையில் மாட்டிக்கொள்ளும் அந்தப் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். அதிலேயே சின்ன விளக்கும் இருந்தது. முதலாளியிடம் அனுமதி கேட்டு, ரைபிளில் தோட்டா ஒன்றும் இல்லை என்று அவரையே பார்க்கச் சொல்லி உறுதிசெய்துகொண்டு, குழலின் வாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு நாளும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், அன்றுதான் ரைபிளைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணாடியைக் கழற்றி முதலாளியிடம் கொடுத்தார், பிறகு எனக்கும் கொடுத்தார். குண்டு வெளியே வரும் அந்த வட்ட விளிம்பில், ஓரிடத்தில் மட்டும் மெல்லிய இரும்புப் பிசிர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கடைசியாகக் கடைந்தவன் அவசரத்தில் விட்டுப்போனது. குண்டு வெளியே வரும் கணத்தில், அதைத் தள்ளும் புகை எல்லாப் பக்கமும் சமமாகப் பிரிய வேண்டும். பிசிர் ஒரு பக்கம் மறித்தால் குண்டு மறுபக்கம் சாயும். "பல்லு ஓரம் உடைஞ்சா நாக்குதான் முதல்ல கண்டுபிடிக்கும். இதுக்கு நாக்கு இல்ல பாருங்க" என்று என்னிடம் தமிழில் சொன்னார்.

முதலாளி நெடுநேரம் பார்த்தார். கெட்ட மனிதரல்ல அவர், சின்னக் கடையை இழுத்துப்பிடித்து நடத்திக்கொண்டிருந்தவர். ஆயிரத்தில் ஒன்று இப்படி வந்துவிடுவதுண்டு, இதை மட்டும் சரிசெய்து தருகிறேன் என்றார். டொக்டர் சரி என்றார். அத்தோடு ரைபிளைப் பைக்குள் வைக்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு ஐந்தையும் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னைக் காப்பாற்றுவதற்காக அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, பையின் சிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். சிப் பாதி தூரம் போனபோது எனக்குத் தாங்கவில்லை. "உள்ளே இன்னும் ஐந்து இருக்கின்றன. அவற்றையும் பார்த்துவிடுவோம்" என்று ஆங்கிலத்தில் முதலாளியிடம் சொன்னேன். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலாளியின் முகம் சிவந்தது. டொக்டர் பையை மூடாமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தனக்கு அவசரம் ஒன்றுமில்லை என்றார். கடைசியில் முதலாளியே உள்ளே போய் ஒவ்வொன்றாக எடுத்துவந்தார். ஐந்தில் நான்கில் அதே இடத்தில் அதே பிசிர். நான்காவதைக் கீழே வைத்துவிட்டு முதலாளி சொன்னது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. "உங்கள் கடையைத் தவிர வேறெங்கும் முறைப்பாடு இல்லை என்றுதான் இறக்குமதிக்காரர்கள் எனக்கும் சொன்னார்கள்" என்றார். அன்று பின்னேரமே மற்ற நகரங்களில் தனக்குத் தெரிந்த கடைகளுக்குத் தொலைபேசி எடுத்தார். எல்லாக் கடைக்கும் அதே வசனத்தைத்தான் சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரம் விற்காத ரைபிள்கள் எல்லாம் திரும்பிப் போயின. வாங்கியவர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னபோது முதலாளி என்னிடம் ஒரு வசனமும் சொல்லித்தரவில்லை. நடந்ததை எழுது என்று மட்டும் சொன்னார். என் விசாவைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. சில மாதம் பயந்துகொண்டே இருந்தேன். புதுப்பிக்கும் நாள் வந்தபோது படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

டொக்டர் தன்னுடையதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒனிஹங்காவிலேயே ஒரு கடைசல் பட்டறையில் குழலின் வாயைச் சீராக வெட்டிக்கொண்டார். சுட்டுப் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொன்னார். போவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கணவர் காரில் கொண்டுபோய் விட்டார். காதை மூடும் கவசம் போட்டிருந்தும், முதல் வெடியோடு என் உடம்பு தானாகக் குந்திவிட்டது. எழும்பிப் பார்த்தபோது அவர் ரைபிளைக் கீழே வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். சிரிக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. "போதுமா? போயிரலாமா?" என்றார். "இல்லை, சுடுங்கோ" என்றேன். இன்னும் இரண்டு முறை சுட்டார். தாளைக் கழற்றப் போனபோது நானும் கூடப் போனேன். மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அவர் பெருவிரலை அதன்மேல் வைத்தார். மூன்றும் விரலுக்குள் மறைந்துவிட்டன. விரலை எடுக்காமல் அப்படியே நின்றார். தோள்கள் இலேசாகக் குலுங்கின. நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கடையை விட்டு நான் வந்து நாளாகிவிட்டது. இப்போது ஒரு கல்லூரியில் நிதிப்பிரிவில் இருக்கிறேன். கொஞ்சக் கடனும் ஒரு சொந்த வீடும், ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் மகளுமாக வாழ்க்கை நிலைத்துவிட்டது. நன்மை செய்தவர்களை எண்ணிப் பார்க்கும்போது, எனக்கு எதையாவது தந்தவர்களின் முகம் வரும். ஆனால் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வார்த்தையை எனக்காகச் சொல்லாமல் விட்டவரின் முகம்தான் முதலில் வரும். நான் பேசியது என் தைரியம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பேசுவதா இல்லையா என்பதை என்னிடமே விட்டுவைத்தது அவர் என்று பிறகுதான் விளங்கியது.

அந்த ரைபிள் விஷயம் நடந்த அடுத்த வருடம் எனக்கு ஞானப்பல் வலி வந்தது. வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். மனுகாவுக்குப் போனேன். மற்ற வைத்தியர்களுக்கு அனுப்புவதை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார். நாற்காலியில் சாய்ந்து, அவர் ஊசியை எடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, "டொக்டர், அண்டைக்கு நான் அப்பிடிச் சொன்னதுக்கு ஒருநாளும் உங்களிட்ட மன்னிப்புக் கேட்கேல்லை" என்று தொடங்கினேன்.

"அது எப்பவோ முடிஞ்சிருச்சு லா" என்றார். "வாயத் திறங்க."

திறந்தேன். அவர் கை என் முகத்துக்கு நேரே, ஒரு சிறு அசைவும் இல்லாமல் வந்தது.