தப்பாகக் காட்டிய மீட்டரும் கமலா மிஸ்ஸியும்

செய்தி வந்தபோது நான் ஒரு லோரிக்கு அடியில் படுத்திருந்தேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் குணா தோட்டத்து வண்டிப் பட்டறைக்கு வந்து, என் காலருகே நின்றுகொண்டு, "மணியண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க" என்றார். சாதாரண விஷயமென்றால் அவர் குனிந்து பேசிவிட்டுப் போய்விடுவார். அன்று காலை சித்தியவானில், தம்பி வீட்டில், கமலா மிஸ்ஸி மாரடைப்பில் இறந்துவிட்டதாகச் சொன்னார். பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தோட்டத்தின் மலையுச்சிப் பகுதியான மேல் டிவிஷனில் இருக்கும் என் மகள் செல்விக்குப் போன் செய்தேன். அவள் அழுதாள். எனக்கு உடனே அழுகை வரவில்லை. மறுநாள் சாவு வீட்டுக்குப் போக தாப்பா ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

ரிங்லெட்டிலிருந்து எங்கள் தோட்டத்து ரோடு பிரியும் இடத்தில் இருக்கும் அரசாங்கக் கிளினிக்கில் அவர் பதினோரு வருடம் தாதியாக இருந்தார். தாதியை நாம் மிஸ்ஸி என்றே கூப்பிட்டுப் பழகியவர்கள். மலைக்குக் கீழே, வெயில் ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்பதால் இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருவார். நம் தோட்டத்தில் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள், மீதிப் பேர் திட்டு வாங்கியவர்கள். எனக்கு இரண்டும் கிடைத்தது.

அவருடைய காலை வேலை எப்படித் தொடங்கும் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை எடுத்துக் குழந்தைகளை நிறுக்கும் தராசில் வைப்பார். முள் ஒன்றில் நின்றால்தான் கதவைத் திறப்பார். ஒருநாள் நான், "சீனிக்கும் ஊசி உண்டா மிஸ்ஸி?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. "தராசு பொய் சொன்னா நானும் சேர்ந்து பொய் சொன்ன மாதிரிதான் அண்ணே" என்றார். இதென்ன கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு நான் பட்டறைக்குப் போய்விட்டேன்.

இனி மீட்டர் விஷயம். இது எனக்கும் அவருக்கும், செல்விக்கும் தோட்ட மேனேஜரான துரைக்கும் மட்டும்தான் தெரியும். அவர் இருக்கும்வரை வெளியே சொல்லவில்லை.

செல்வியை மேல் டிவிஷனில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுடைய முதல் குழந்தை எட்டாவது மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. பார்க்க ஆளில்லை. கிளினிக்குக்கு இறங்கி வந்து திரும்புவதென்றால் ஒருநாள் வேலை போய்விடும், அதனால் இரண்டு மாதம் அவள் வரவே இல்லை. மறு வருடம் மறுபடி உண்டானபோது என் மனைவி சாமி அறையை விட்டு வெளியே வருவது குறைந்துபோனது. நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் சோறு இறங்கவில்லை.

கிளினிக்கிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் தொழிலாளர் லயங்களுக்கு மாதம் இரண்டு முறை தாதியே நேரில் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு விதி அப்போது இருந்தது. மேல் டிவிஷன் ஐந்து கிலோமீட்டர் என்று பழைய கோப்பில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். வரைபடத்தில் ரூலரை வைத்துக் கோடு போட்டு அளந்திருப்பார்கள்போல. நம் ரோடு மலையைச் சுற்றிச் சுற்றிப் போவது ரூலருக்கு எப்படித் தெரியும்? மிஸ்ஸி துரையைப் பார்த்து, தூரத்தை அளந்து பார்க்கத் தோட்டத்துப் பழைய லேண்ட்ரோவரைக் கேட்டு வாங்கினார். அதன் மீட்டர் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கும்.

"மீட்டர் எதுக்கு மிஸ்ஸி? அந்த ரோட்டுல இருபதுக்கு மேல போனா நேரா பள்ளத்துலதான்லா" என்றேன்.

"வேகம் எனக்கு வேணாம் அண்ணே. தூரம் வேணும்."

கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டக்காரர் ஒருவரிடம் உடைந்துபோன நீள லேண்ட்ரோவர் ஒன்று கிடந்தது. அதிலிருந்து மீட்டரைக் கழற்றி வந்தேன். நம் வண்டியில் இருந்தது மைல் காட்டும் மீட்டர், இது கிலோமீட்டர் காட்டுவது. மிஸ்ஸிக்குக் கணக்குப் போடும் வேலைகூட மிச்சம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் முன்தகட்டைக் கழற்றிப் பார்த்தால், மீட்டரை ஓட்டும் கேபிளின் உள்கம்பியும் அறுந்திருந்தது. கியர்பெட்டி எண்ணெய் கேபிள் வழியாகவே ஏறி, பழைய மீட்டரின் கண்ணாடிவரை வந்திருந்தது. எண்ணெய் கசியும் இடத்தை அடைத்து, புதுக் கேபிளுக்குக் கிரீஸ் தடவி, மடங்காமல் வளைத்துக் கொண்டுவந்து மாட்டினேன். வண்டியை நகர்த்தியதும் முள் எழுந்தது. மிஸ்ஸி பக்கத்து இருக்கையில் நோட்டுடன் உட்கார்ந்திருந்தார். கிளினிக் வாசலிலிருந்து மேல் டிவிஷன் பிள்ளையார் கோயில்வரை எட்டுப் புள்ளி ஆறு. இறங்கும்போதும் அதேதான். அவர் விண்ணப்பப் பாரத்தை நிரப்பி அனுப்பினார். மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. செல்விக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

அடுத்த வாரம் வடிகட்டி வாங்க அதே வண்டியில் ரிங்லெட்டுக்குப் போனேன். பெரிய ரோட்டில் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சும்மாதான் பார்த்தேன். ஐந்து கல் தாண்டியபோது மீட்டர் ஐந்தரை காட்டியது. திரும்பி வந்து தகட்டைக் கழற்றினேன். மீட்டர் முகத்தின் அடியில் சின்னதாக ஓர் எண் இருக்கும். எந்த அளவுச் சக்கரத்துக்கு அந்த மீட்டர் என்பதை அது சொல்லும். கோலா தெர்லா வண்டிக்குப் பெரிய சக்கரம், நம்முடையதற்குச் சின்னது. குட்டைக் கால்காரன் அதே தூரத்துக்கு அதிகம் அடி வைப்பது மாதிரி, நம் சக்கரம் அதிகம் சுற்றி மீட்டரை ஏமாற்றியிருக்கிறது. மாட்டும் முன் அந்த எண்ணைப் பார்ப்பது எந்த மெக்கானிக்கும் செய்யும் வேலை. நான் பார்க்கவில்லை. உண்மையான தூரம் ஏழு புள்ளி எட்டு.

ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. மிஸ்ஸி அதற்குள் ஒருமுறை மேலே போய் வந்துவிட்டார். செல்வி போனில் சந்தோஷமாகப் பேசினாள். எட்டுக்கு இருநூறு மீட்டர்தானே குறைகிறது, யார் வந்து அளக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தாம் நாள் காலை மாத்திரை வாங்கக் கிளினிக்குக்குப் போனேன். அவர் தராசில் சீனியை வைத்து முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. மறுபடி அளக்க வேண்டும் என்றார். பெரிய ரோட்டுக் கற்களை வைத்து மீட்டரின் பிசகைக் கணக்கிட்டோம். பிறகு மேலே போய் வந்தோம். அதே ஏழு புள்ளி எட்டுதான். அன்று மத்தியானமே மேலிடத்துக்குக் கடிதம் எழுதி, அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். அளவெடுத்ததில் தன்னுடைய பிழை என்று எழுதியிருந்தது. என் பெயரோ பட்டறையோ அதில் இல்லை.

எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. "என் பொண்ணு மேல இருக்கா மிஸ்ஸி. ஒண்ணு போயிருச்சி. இதக் கிழிச்சிப் போட்டா யாருக்கு என்ன நட்டம்?" என்று கத்தினேன். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மெதுவாகத்தான் பேசினார். "அண்ணே, நான் அனுப்புறது எல்லாமே நம்பருதான். எட, பிரஷர், ரத்தம். ஒரு நம்பர் பொய்னு தெரிஞ்சா அப்புறம் செல்விக்கு நான் சொல்ற நம்பர யாரு நம்புவா?"

அனுமதி ரத்தாயிற்று. மிஸ்ஸி துரையிடம் போய், தன் ஓய்வு நாளான சனிக்கிழமைகளில் லேண்ட்ரோவரைக் கேட்டார். துரை சரி என்று சொல்லிவிட்டு, என்னை ஓட்டச் சொன்னார். நான் முடியாது என்றேன். முதுகு வலி என்றேன். அது பொய் என்று துரைக்குத் தெரியும், மிஸ்ஸிக்கும் தெரியும். மிஸ்ஸி இரண்டு வாரம் பட்டறைக்கு முன்னால் இருந்த திடலில் அந்த முரட்டு வண்டியை ஓட்டிப் பழகினார். கியர் கரகரவென்று அலறும். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன், வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். நாற்பத்தெட்டு வயதுப் பெண், இரண்டு ஸ்வெட்டருடன், அந்த ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியதை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை தவறாமல் போனார். செல்விக்கு எட்டாம் மாதம் பிறந்தபின் ஒரு சனிக்கிழமை, அவளுடைய அழுத்தம் நூற்றறுபதுக்கு மேல் இருந்தது. கண் மங்குகிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். மிஸ்ஸி அங்கிருந்தே தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னார். செல்வியையும் மருமகன் ரவியையும் ஏற்றிக்கொண்டு, முதல் கியரிலும் இரண்டாவதிலுமாக, மழைச் சேற்றில் தானே இறக்கிக்கொண்டு வந்தார். பெரிய ரோட்டு முனையில் ஆம்புலன்ஸ் ஏற்கெனவே நின்றது. ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. அன்று மாலைக்குள் குழந்தையை வெளியே எடுத்துவிட்டார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து நீங்கியது. "வேறு யாராவது சொல்லியிருந்தால் இன்னொரு முறை அளந்து பார்க்கச் சொல்லியிருப்பேன், மிஸ்ஸி கமலா சொன்ன எண்ணென்றால் நான் திருப்பிக் கேட்பதில்லை" என்று டாக்டர் பிறகு ரவியிடம் சொன்னாராம்.

இவ்வளவும் நடந்தபோது நான் பட்டறையில் இருந்தேன். முதுகு வலி இல்லாமல், வேலையும் இல்லாமல், வெறுமனே உட்கார்ந்திருந்தேன். ரவி போன் செய்துதான் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மிஸ்ஸி வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது கியரு தெறிச்சி வெளிய வருது அண்ணே, கொஞ்சம் பாருங்க. பேத்தி ரெண்டு கிலோ நூறு. நானே நிறுத்தேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். நான் அன்றே கியர்பெட்டியைப் பிரித்தேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவர் ஓய்வு பெறும்வரை நானே ஓட்டினேன். வழியெல்லாம் பேசுவோம், மழையைப் பற்றி, விலைவாசியைப் பற்றி, என் சர்க்கரையைப் பற்றி. முதுகு வலி என்று நான் சொன்ன அந்தப் பொய்யைப் பற்றி மட்டும் பேசியதில்லை. அவர் எப்போதோ மறந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது பேத்தி என்று செல்வி சொல்கிறாள். அது சரிதான், ஆனால் எனக்கென்று இன்னொன்றும் இருக்கிறது. என் கையால் ஒரு தப்பு நடந்தால் இப்போதெல்லாம் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர் கத்தினால் கத்தட்டும் என்று நிற்கிறேன். இந்த ஒரு தப்பைத்தான் சொல்லாமல் வைத்திருந்தேன். கேட்க வேண்டியவர் போன பிறகு உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். எனக்கு முதுகு வலிக்கவில்லை மிஸ்ஸி. அந்த வண்டியை நான் ஓட்டியிருக்க வேண்டும்.