பின் அறை டெலிபோன்

என் அக்கா புருஷன் குப்புராஜுக்குச் செம்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை. ஆணி, பெயின்ட், பைப் எது கேட்டாலும் உடனே எடுத்துத் தருவார். மனசில் இருப்பதை மட்டும் வெளியே எடுக்க மாட்டார். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு. என் மாமாதான், ஆனாலும் சொல்கிறேன், அந்த வீம்பால் கெட்டவர் அவர் ஒருத்தர்தான்.

மகள் சந்திரிகா, குரோம்பேட்டையில் கூட வேலை பார்த்த ஜோஷ்வாவைச் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டாள். "இனிமே அவ பேச்சு இந்த வூட்ல வரக்கூடாது" என்று மாமா சொல்லிவிட்டார். ஊர்க்காரர்கள் நாலு பேர் முன்னால் வேறு சொல்லிவிட்டார். அப்புறம் எப்படி இறங்கி வருவார்?

மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து, சாப்பிட்டுப் பின் அறையில் படுப்பது அவர் வழக்கம். அவர் படுத்த பிறகுதான் ஹாலில் டெலிபோன் அடிக்கும். அக்கா ஜெயக்கொடி ஓடிப்போய் எடுத்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மகளோடு பேசுவாள். புருஷன் தூங்குவதாக அவளுக்கு நினைப்பு.

அவர் எங்கே தூங்கினார்? அதே லைனில் பின் அறைக்கும் ஒரு டெலிபோன் இழுத்திருந்தார்கள். தூக்கம் கெடுகிறது என்று சொல்லி அதன் மணியை அணைத்து வைத்திருந்தார். ஒருநாள் ஏணி கேட்கப் போன நான் கொல்லைப்பக்க ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து ரிசீவரைக் காதில் வைத்திருந்தார். பேசவில்லை. மகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முறைத்தார் பாருங்கள், ஏணியே வேண்டாம் என்று வந்துவிட்டேன். அக்காவிடமும் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்த டெலிபோனைப் பிடுங்கி எறிந்திருப்பார்.

அந்த வருஷம்தான் அக்கா மகன் மோகன்ராஜ் இன்ஜினியரிங் சேர்ந்து, வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்கினான். வந்த நாளிலிருந்து பேஜார். டெலிபோன் அடித்தால் நெட் நின்றுவிடும், ரிசீவரை எடுத்தால் சர்ரென்று இரைச்சல். லைன்மேன் வந்து பார்த்தார். தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து, ஹால் டெலிபோனுக்கும் சுவரில் இருந்த பிளக்குக்கும் நடுவில் மாட்டினார்.

"இது ஃபில்டர் சார். பேச்சு வேற, நெட்டு வேறன்னு பிரிச்சு விட்டுடும். லைன்ல எத்தினி போன் கீதோ அத்தினிக்கும் போடணும். வேற எங்கனா போன் கீதா?"

"பின்னாடி ரூம்ல ஒண்ணு கீது" என்றான் மோகன்ராஜ்.

"எங்கையில ஒண்ணுதான் கீது. இன்னொண்ணு வாங்கியாந்து போடலாம். யாரும் யூஸ் பண்ணலன்னா கட் பண்ணி வுட்டுடலாம். இன்னா சார் சொல்றீங்க?"

"அத்த யாருங்க தொடறாங்க? கட் பண்ணிடுங்க" என்றாள் அக்கா.

மோகன்ராஜ் அப்பாவைப் பார்த்தான். "உனுக்கு வேணுமாப்பா?"

நான் காபி டம்ளரும் கையுமாக அங்கேதான் இருந்தேன். 'வேணும்' என்ற ஒரு வார்த்தை போதும். தூங்கும் அறையில் டெலிபோன் எதற்கு என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒளிந்து கேட்கிறவருக்கு எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் இருக்கும் அல்லவா?

"எனக்கு இன்னாத்துக்கு?" என்றார் மாமா. லைன்மேன் ஒயரை வெட்டிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் மத்தியானங்களில் அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துப் படுத்தார். அக்காவின் "ம்... ம்... சாப்ட்டியா?" மட்டும்தான் காதில் விழுந்திருக்கும். தாங்க முடியாமல் ஒருநாள் ஹாலுக்கே வந்து பேப்பரை விரித்து உட்கார்ந்தார். அவர் தலையைக் கண்டதும் அக்கா "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கொஞ்ச நாளில் அந்த அழைப்பும் நின்றது. சந்திரிகா அம்மாவுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்துவிட்டாள். தாயும் மகளும் கோயில், ஆஸ்பத்திரி என்று வெளியில் பார்த்துக்கொண்டார்கள்.

சந்திரிகாவின் மகள் ஜெரூஷா இப்போது பத்தாவது படிக்கிறாள். தாத்தாவை அவள் பார்த்ததே இல்லை.

போன மாதம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் சந்திரிகாவைப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அவள் அப்பா ஒட்டுக்கேட்டதைச் சொல்லிவிட்டேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் மாமா. பின்னாடி ரூம்ல போனை எடுத்தா டக்குனு ஒரு சத்தம் வரும், அம்மா குரல் கொஞ்சம் கம்மியாயிடும். அப்பாதான்னு தெரியும். அவருக்குக் கேக்கணும்னுதான் சத்தமாப் பேசுவேன். எனக்கு சம்பளம் ஏத்தினது, ஜோஷ்வா என்னை நல்லாப் பாத்துக்கிறது, எல்லாம் அப்பாவுக்குச் சொன்னதுதான். நான் என்ன செவிடாடின்னு அம்மா திட்டும்."

"அப்புறம் ஏன்மா அந்த லைனுக்குப் பேசறத வுட்டுட்ட?"

"முழுகாம இருக்கேன்னு சொன்னேன். அடுத்த தடவை பேசறப்போ அந்த டக் சத்தம் வரல. அதுக்கப்புறம் வரவே இல்ல. கிறிஸ்தவங்க வீட்டுக் குழந்தைன்னதும் என் குரலைக் கேக்கக்கூட அப்பாவுக்குப் பிடிக்கலன்னு நினைச்சேன். அழுதுகிட்டே இருந்தேன் மாமா."

ஒயரை வெட்டிய கதையைச் சொன்னேன். அவள் கடை என்றும் பார்க்காமல் அழுதாள். நேராகச் செம்பாக்கம் போய், அக்காவை வைத்துக்கொண்டே மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்டியா நினைச்சிகினு இருந்துது?" என்றார் மாமா. அக்காவின் செல்போனைக் கேட்டு வாங்கினார். நான்தான் எண்ணைப் போட்டுக் கொடுத்தேன்.

"சொல்லும்மா" என்றாள் சந்திரிகா. பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது. "அம்மா? என்னம்மா?"

மாமா போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசித் தொலையுங்களேன் என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அந்தப் பக்கம் சந்திரிகா இன்னொரு தடவை அம்மாவைக் கூப்பிட்டாள். அப்புறம் மெதுவாக, "அப்பாவா?" என்றாள்.

மாமா போனை அக்காவிடம் நீட்டினார்.

"உன் பொண்ணு" என்றார். "பேசு."