செப்புத் தகட்டில் ஒரு பறவை

அப்போது நாங்கள் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். சித்தப்பாவுக்கு அச்சுக்கூடத்தில் வேலை. துணிக்கட்டுகளில் ஒட்டும் சீட்டுகளுக்குச் செப்புத் தகட்டில் படம் போடுவார். வீட்டிலேயே தகட்டில் மெழுகு பூசி, புகை காட்டிக் கறுப்பாக்கி, ஊசியால் கீறி வரைவார். திராவகத்தில் போட்டால் கீறிய இடத்தை மட்டும் அது அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை ஏற்றி அழுத்தினால் காகிதத்தில் படம் விழும்.

ஒருமுறை ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், உலகத்திலேயே இல்லாத பறவை வேண்டும் என்று கேட்டுவிட்டார். சித்தப்பாவுக்குப் பூவும் கொடியும் வரும். இல்லாத பறவை வரவில்லை. தகடுகள் பாழானதுதான் மிச்சம்.

அத்தை அவருக்கு அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு இருந்தாள். கல்யாண வீடுகளுக்கு அவளை யாரும் அழைப்பதில்லை. அன்று அவள், "இப்படிக் குடுடா" என்று ஊசியை வாங்கிக்கொண்டாள். யானைத் துதிக்கை, மீன் செதில், கொடியாகச் சுருண்டு பூக்கிற வால் என்று அவள் கீறக் கீற, கறுப்புக்குள்ளிருந்து செம்பு மினுங்கியது. பீங்கான் தட்டில் திராவகம் பொங்கியபோது கோழி இறகால் குமிழிகளைத் தள்ளிவிட்டதும் அவள்தான்.

அச்சில் பறவை, தகட்டில் இருந்ததற்கு எதிர்ப்பக்கம் பார்த்தது. கெட்டுப்போய்விட்டது என்று நான் அழுதேன்.

"கெடலடி. நம்மளத் திரும்பிப் பாக்குது" என்று அத்தை சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சீட்டைப் பார்த்துவிட்டு ஜவுளிக்கடை முதலாளி வீட்டுக்கே வந்துவிட்டார். "யாரு கை தம்பி இது?"

"என் கைதான் முதலாளி" என்றார் சித்தப்பா, கண்கூட இமைக்காமல்.

கதவுக்குப் பின்னால் நின்ற நான் வாயைத் திறந்தேன். அத்தையின் கை அதைப் பொத்தியது.

"அப்ப என் மக கல்யாணப் பத்திரிகைக்கும் நீயே போட்டுடு. ஜோடிப் பறவையா."

அவர் போனதும் அத்தை புதுத் தகட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். "சித்தப்பா பொய் சொல்றாரு, நீங்க சும்மா இருக்கீங்களே" என்றேன்.

"சும்மாவா இருக்கேன்? வரைஞ்சிட்டிருக்கேன்ல" என்றாள், தலை நிமிராமல்.

விதவை கைபட்ட பத்திரிகையை எந்தக் கல்யாண வீடும் தொடாது என்பதோ, அந்தப் பொய்யால்தான் ஊசி அத்தையின் கையில் தங்கியது என்பதோ எனக்கு அப்போது தெரியாது. சித்தப்பா அவள் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார் என்று கோபித்துப் பல நாள் அவரோடு பேசாமலிருந்தேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.