முதல் வீட்டுக்குள் யார் போவது?

ஒட்டிலியா முப்பத்தொரு வருஷம் ஃப்ரீடன்டால் ஊரின் பொதுச் சமையலை நடத்தியவள். வாய் கொஞ்சம் நீளம். ஜெர்மனியில் இருந்தபோதே சபையில் எதிர்த்துப் பேசிப் பேர் வாங்கியவள். ஆனால் சமையலில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால்தான் அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றங்கரைக் காட்டை வெட்டி, ஆண்டவருக்கென்று அந்த ஊரைக் கட்டப் புறப்பட்ட நாற்பது பேரும் அவளைப் பொறுத்துக்கொண்டார்கள்.

அங்கே யாருக்கும் சொந்தமென்று எதுவும் கிடையாது. கோடரி, பசு, போர்வை எல்லாம் பொது. முதல் வீடு கட்டி முடியும்வரை அது நன்றாகத்தான் நடந்தது.

அக்டோபரில் அவள் புருஷன் லென்ஹார்ட் கூரையில் கடைசிப் பலகையை அடித்த அன்றே மழை பிடித்துக்கொண்டது. கூடாரங்கள் எல்லாம் ஒழுகின. வீட்டுக்குள் மட்டும் யாரும் போகவில்லை.

"நீங்க போங்க சகோதரரே."

"ஐயையோ, நான் எதுக்கு? உங்க வீட்டம்மாவுக்கு இருமலாச்சே, நீங்க போங்க."

"அவ இருமல் கெடக்குது. கொல்லர் குடும்பம் போகட்டும்."

சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். சீட்டு விழுந்தவர் பக்கத்தில் நின்றவருக்குக் கொடுத்தார். அவர் இன்னொருவருக்கு. சுற்றிச் சுற்றிச் சாயங்காலம் அது குலுக்கிய பெரியவர் கெப்ஹார்ட்டின் கைக்கே வந்து சேர்ந்தது. இத்தனை நல்லவர்கள் ஓரிடத்தில் கூடினால் இப்படித்தான் ஆகும்.

ஒட்டிலியாவுக்கு அப்போது நிறைமாதம். வரும் வழியில், கப்பலில், ஒரு குழந்தையைக் கடலுக்குக் கொடுத்திருந்தாள். இதையாவது நனையாத இடத்தில் பெற வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"நீங்களாவது கேளுங்களேன்," என்றாள் லென்ஹார்ட்டிடம்.

"நான் கட்டின வீட்டை நானே கேக்குறதா? ஆணவம்னு சொல்ல மாட்டாங்களா?"

"அப்ப உங்க பிள்ளை சேத்துல பொறக்கட்டும்."



நான்காம் நாள் காலையில் அடுப்பு மூன்றாவது முறையாக அணைந்தது. இடுப்பிலும் வலி எடுத்தது. ஒட்டிலியாவுக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு பெண்களைக் கூப்பிட்டு, முட்டைக்கோஸ் சூப்புப் பானையைத் தூக்கச் சொல்லி, நேராக அந்த வீட்டுக்குள் போனாள். கெப்ஹார்ட் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன காரியம் இது, சகோதரி?"

"பானை பொதுதானே, பெரியவரே?"

"ஆமா."

"பொதுப் பானை மழையில நனையலாமா?"

"கூடாதுதான்..."

"பானை இருக்கிற எடத்துலதான சமையக்காரி இருக்கணும்? பசிக்கிறவங்க காலக் கழுவிட்டு உள்ள வாங்க!"

பெரியவருக்கும் பசி. முதலில் காலைக் கழுவியவர் அவர்தான். நாற்பது பேரும் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, உள்ளே மூட்டிய அடுப்பில் கொதித்த சூப்பை நாலு நாளில் முதல்முறையாகச் சூடாகச் சாப்பிட்டார்கள். வீடெல்லாம் ஒரே சிரிப்பு.

மதியம் வலி முற்றியது. கொல்லர் மனைவி ஆண்களை வெளியே விரட்டினாள். பொழுது சாயும்போது பெண் குழந்தை பிறந்தது.

மழையில் நின்றிருந்த லென்ஹார்ட் ஓடிவந்து குழந்தையின்மேல் குனிந்தான்.

"தொப்பியக் கழட்டுங்க! பிள்ளை மேல சொட்டுது!" என்று கத்தினாள் ஒட்டிலியா. கத்தியவள் அப்படியே அழுதுவிட்டாள்.