டவர் வேண்டாம் என்று பேசினேன்

போன சனிக்கிழமை எங்கள் பூங்காவில் கைதட்டல் வாங்கினேன். வாங்கிய பத்தாவது நிமிஷம், ஏன்டா பேசினோம் என்று ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். கருங்கல் என்கிற ஊருக்குச் சற்றுத் தள்ளி, மேட்டில் ஒரு சின்னப் பூங்கா. அதன் மூலையில் செல்போன் டவர் வைக்கலாமா, வேண்டாமா என்று ஊர்க் கருத்துக் கேட்டார்கள். வாதாம் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி, மைக், எலுமிச்சை ஜூஸ்... எல்லாம் ஜோர்.

எங்கள் வீடுகள் அந்த மேட்டுக்குக் கீழே, பள்ளத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே. அங்கே போன் என்பது மணி பார்க்க மட்டும்தான். பிராட்பேண்ட் கேபிளும் இன்னும் இறங்கி வரவில்லை. பேச வேண்டுமென்றால் பூங்காவுக்கு ஏற வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாருங்கள் — துபாயும் தோஹாவும் குவைத்தும் எங்கள் சிமென்ட் பெஞ்சுகளில்தான் இருக்கும். ஒருத்தர் மகன் வீடியோவில் வந்தால் பக்கத்து பெஞ்சுக்காரரும் தலையை நீட்டி, “என்னடே, மெலிஞ்சு போயிட்டியே!” என்பார்.

நானும் தினமும் ஏறுவேன். மனைவி இறந்து நாலு வருஷம். பிள்ளைகள் இல்லை. என்னைக் கூப்பிடுகிறவர்கள் கஸ்டமர் கேர் பெண்கள்தான். அவர்களை விட்டால் ஒரே ஒருத்தன்... ஜெபின்.

ஜெபின், எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவின் மகன். கத்தாரில் ஏசி மெக்கானிக். அவன் அப்பா தாசையன் அண்ணன் பக்கவாதம் வந்து படுத்து மூன்று வருஷம் ஆகிறது. அக்கா கண்ணில் படாவிட்டால் கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். ஒரு முறை விழுந்தும் விட்டார். அதனால் அக்கா எங்கும் போவதில்லை. ஞாயிறு ஆராதனைக்குக்கூட இல்லை. போதகர்தான் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போகிறார்.

ஆகவே ஜெபின் என்னைக் கூப்பிடுவான். அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, கீழே இறங்கி, அக்காவிடம் சொல்வேன். அக்கா பால் விடாத கட்டன் சாயா போட்டுத் தருவார். ஒரு மணி நேரம் போய்விடும். ஒரு நாளில் நான் வாயைத் திறந்து ஆள்களோடு பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான்.

டவர் வந்தால்? ஜெபின் நேராக அம்மாவையே கூப்பிடுவான். என்னை யார் கூப்பிடுவார்கள்?

இதை மைக்கில் சொல்ல முடியுமா? சொல்லவில்லை. குழந்தைகளின் ஊஞ்சல், கதிர்வீச்சு, குருவி, பசுமை... ஒன்றையும் விடவில்லை. காலேஜில் முப்பது வருஷம் பாடம் நடத்திய தொண்டை அல்லவா! நன்றாகத் தட்டினார்கள்.

அப்போதுதான் கேட் பக்கம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பின் சீட்டில், இரண்டு தலையணைகளுக்கு நடுவே தாசையன் அண்ணன். அவரைத் தூக்கி ஏற்ற இரண்டு பேராவது வேண்டும்; தினமும் நடக்கிற காரியமில்லை. ஸ்டெல்லா அக்கா இறங்கி, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்தபடியே நின்றார். மைக்கை அங்கேயே கொண்டுபோனார்கள்.

“எனக்கு டவர் வேணும்” என்றார் அக்கா.

“ஒங்களுக்கென்ன அக்கா, சாரு தெனமும் வந்து எல்லாம் சொல்லுகாருல்லா?” என்றார் பால் சொசைட்டி தங்கராஜ்.

“சொல்லுகாரு. நல்லாட்டுதான் சொல்லுகாரு. ‘நல்லா இருக்கான், நல்லா சாப்பிடுகான், ஒடம்பப் பாத்துக்கிடச் சொன்னான்.’ மூணு வருசமா இதாக்கும் சேதி. எனக்க பிள்ள நல்லா இருக்கேன்னு சொல்லுகது நெசமா கள்ளமான்னு அவன் சத்தத்தக் கேட்டாத்தானே எனக்குத் தெரியும்? போன லீவுக்கு வந்தப்பம் கேட்ட சத்தம்... அதுவும் இப்பம் மறந்துட்டு வருது.”

கோபமே இல்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

‘உடம்பைப் பாத்துக்கிடச் சொன்னான்’ — அது பல நாள் நானாகச் சேர்த்தது. சாயா குடித்து முடிக்கும்வரை பேச ஏதாவது வேண்டுமே!

இன்னொன்றும் உறைத்தது. அரை மணி நேரம் நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அக்கா மேடு ஏறி மகனோடு பேசிவிட்டு வந்திருப்பாரே? மூன்று வருஷத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லையா? தோன்றியது. பல தடவை தோன்றியது. அக்கா வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதுவதற்கு.

கை தூக்கச் சொன்னபோது, டவர் வேண்டும் என்கிற பக்கம் தூக்கினேன்.

“என்ன சாரே, இப்பந்தானே குருவிக்காக அழுதிய?” என்றார் தங்கராஜ். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

டவர் வரும்போது வரட்டும். மறுநாள் ஐந்தேமுக்காலுக்கு எதிர்வீட்டுப் படியேறினேன். அம்மா நம்பருக்குக் கூப்பிடு என்று ஜெபினுக்குக் காலையிலேயே சொல்லியாகிவிட்டது.

“அக்கா, நீங்க போயிட்டு வாங்க. அண்ணன நான் பாத்துக்கிடுதேன்.”

அக்கா உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார் — போனில் பேசுவதற்கு!

அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆறு மணிக்கு என் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. இருந்தாலும் எனக்கு அழைப்பு வரப்போவதில்லை. அண்ணனும் நானும் அப்படியே இருந்தோம்.

ஏழு மணிக்கு அக்கா வந்தார். கண் சிவந்திருந்தது. “சளி பிடிச்சிருக்கு சாரே அவனுக்கு. மூணு நாளாச்சாம். ஒங்ககிட்ட சொல்லல்லியா?”

சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தபடி அக்கா திரும்பிப் பார்த்தார். “ஒங்களையும் கேட்டான் சாரே. ஒடம்பப் பாத்துக்கிடச் சொன்னான்.”

அவன் சொன்னதா, அக்கா சேர்த்ததா... நான் கேட்கவில்லை.